நெற்றியில் கண் வைத்த லேப்டாப்

லேப்டாப் விற்கிற தொழிலில், நேற்று வரைக்கும் பழைய மாடலைப் புகழ்ந்த அதே வாயால் இன்றைக்குப் புது மாடலையும் புகழ வேண்டும். கூச்சப்படாமல் அதைச் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் இங்கே சம்பளம். துணியோ மிக்ஸியோ செல்போனோ, எதையாவது கவுன்டருக்கு உள்பக்கம் நின்று விற்றவர்களுக்கு நான் சொல்லாமலே இது தெரியும். மற்றவர்கள் கவுன்டருக்கு வெளிப்பக்கம் நின்று எங்களைப் படுத்தி எடுத்தவர்கள். அவர்களும் படிக்கலாம், வருத்தமில்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நான் மதுரை காளவாசலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தேன். முதலாளி ஜனார்த்தனன், சௌராஷ்டிரக்காரர். பில் போடுகிறவர் அவருடைய மனைவி பானுமதி. எங்களுக்கு பானு அக்கா. கடையில் முக்கியமான முடிவு எதுவானாலும் இருவரும் தங்கள் வீட்டு மொழியில் பேசி முடித்துவிட்டுத்தான் தமிழுக்கு வருவார்கள். வார்த்தை புரியாவிட்டாலும், யார் ஜெயித்தது என்று முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அக்காதான்.

என்ன மாறியிருக்கிறது?

நாங்கள் அதிகம் விற்றது ஒரே வரிசை லேப்டாப்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றிப் புது மாடல் என்று அனுப்பிவைப்பார்கள். அந்த வருஷமும் வந்தது. கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து, பழையதையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசு பேசென்று பேசினார். வேகம் கொஞ்சம் கூடுதலாம். எடை கொஞ்சம் குறைவாம். பேட்டரி கொஞ்ச நேரம் அதிகமாக நிற்குமாம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றே ஒன்று: திரைக்கு மேலே, நட்ட நடுவில், மிளகு அளவுக்கு ஒரு கேமரா.

முதலாளி இரண்டையும் மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார். இதை எப்படி விற்கப் போகிறாய் என்பதுபோல் என்னையும் பார்த்தார். பிரதிநிதிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியதும் பானு அக்காவிடம் அபிப்பிராயம் கேட்டார். அக்கா எனக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்: "போன தீபாவளிக்கு வந்த சேலையையே பார்டரை மாத்திக் கொண்டாந்திருக்காங்க. அதுக்கு ஏன் இம்புட்டுப் பேச்சு?"

பேரையூர்க்காரர்

புது மாடலைத் தானாகவே கேட்டு வந்த முதல் ஆள், நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஆள். பேரையூர் பக்கத்து விவசாயி, பெயர் முனியாண்டி. வேகம் எவ்வளவு என்று கேட்கவில்லை, விலை எவ்வளவு என்றும் கேட்கவில்லை. "கண்ணு வச்ச பொட்டி வந்திருக்காமே, காட்டுங்க" என்றார். காட்டினேன். கேமராவுக்கு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனவர், திரையில் தன் மூக்கைப் பெரிதாகப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார்.

அவருடைய மகன் செல்வம் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். மனைவி மலர் ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும்போது விமானம் ஏறியவன். பெண் குழந்தை பிறந்து, இப்போது தவழ ஆரம்பித்துவிட்டது. தகப்பன் பார்த்ததெல்லாம் தபாலில் போன போட்டோக்கள்தான். அவனுடைய அறையில் கூட இருப்பவரிடம் கேமரா வைத்த லேப்டாப் இருக்கிறதாம், ஊரிலும் ஒன்று வாங்கிவிட்டால் பார்த்துப் பேசலாம் என்று போனில் சொல்லியிருக்கிறான். முனியாண்டிக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவருடைய தெருவிலேயே ஒருவன் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியபோது, முகம் தெரியாத பிள்ளை அவனைப் பார்த்து வீறிட்டு அழுததாம். லீவு முடிந்து திரும்பிப் போகிற வரைக்கும் அவன் கைக்குப் போகவே இல்லையாம். "எம் மகனுக்கு அந்த நெலமை வரக் கூடாது" என்றார்.

முதல் தவணையில் எங்களுக்கு வந்தது இரண்டே பெட்டி. ஒன்று காட்சிக்கு மட்டும், ஒன்று விற்பனைக்கு. வெள்ளிக்கிழமை நல்ல நாள், மருமகளோடு வந்து வாங்கிக்கொள்கிறேன், எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர், படியில் நின்று திரும்பினார். "மத்ததெல்லாம் ஓடலைன்னாலும் பரவாயில்ல தம்பி. அந்தக் கண்ணு மட்டும் நல்லாப் பாக்கணும்."

எடை குறைந்த சங்கதி

அந்த ஒரு பெட்டியை பானு அக்காவின் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, காட்சிக்கு இருந்ததை வைத்துக்கொண்டு, அடுத்த தவணைக்கு ஆர்டர் பிடிக்க என் வித்தையைக் காட்டினேன். கீழமாசி வீதி வெல்ல மண்டிக்காரர் ஒருவர் கணக்கு பார்க்க லேப்டாப் கேட்டு வந்தார். மண்டி ஆளுக்கு எடையைப் பற்றிச் சொன்னால் எடுபடும் என்று நினைத்து, பழசைவிட இது எவ்வளவு லேசு பாருங்கள் என்றேன். அவர் ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் இதையும் தூக்கி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எடை குறைந்திருப்பது வாஸ்தவம்தான் என்று ஒத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு விலை கேட்டார், சொன்னேன். புதியதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பழையதற்குப் பில் போடச் சொன்னார். "எங்க மண்டியில எடை கொறஞ்சா வெலையும் கொறையும். உங்க கடையிலதான் தம்பி, கொறைச்சுக் குடுத்துட்டுக் கூடக் கேக்குறீங்க."

போன வாரம் வாங்கியவர்

உங்கள் தொழிலிலும் இவர் உண்டு. புதுசு வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் பழசை வாங்கியவர். எங்களுடையவர் ஒரு கல்லூரி ஆசிரியர். லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கூட வேலை பார்க்கிறவர் புது மாடல் விளம்பரத்தைக் காட்டிவிட்டாராம். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு வாரம் பொறுத்திருப்பேன்ல?" என்றார். எங்களுக்கே தெரியாது சார் என்று உண்மையைச் சொன்னேன். கவுன்டரில் நின்று சொல்லும் உண்மைக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணில் மேஜைக்கு அடியில் இருந்த பெட்டி பட்டுவிட்டது. விலை வித்தியாசத்தைத் தருகிறேன், மாற்றிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். முதலாளி தடுமாறினார். பேரையூர்க்காரர் வருவாரோ மாட்டாரோ, இவர் எதிரிலேயே நிற்கிறார். அடுத்த தவணை எப்போது வரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கணவனும் மனைவியும் தங்கள் மொழியில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டே பானு அக்கா மேஜைக்கு அடியில் காலை நீட்டிப் பெட்டியைச் சுவரோரம் தள்ளினார். முடிவு எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டு, அது யாருக்கு, எதற்கு என்பதை ஆசிரியரிடம் எடுத்துச் சொன்னார்.

அவர் அந்தப் பெட்டியை இன்னொரு தரம் பார்த்தார். தகப்பன் இன்னும் பார்க்கவே இல்லையா என்று மட்டும் கேட்டார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கோபம் போயிருந்தது, கவலை போகவில்லை. "சரி, அவங்களுக்கே குடுங்க. ஆனா எங்க வீட்டுக்கு நீங்களே ஒரு போன் போட்டு, கேமரா இல்லாததுதான் இப்ப ஃபேஷன்னு சொல்லிருங்க."

அலங்காநல்லூர் அப்பா

கரும்பு விவசாயி, மகன் இன்ஜினியரிங் சேருகிறான். காட்சிக்கு இருந்த லேப்டாப் தன்னையே பார்ப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும், பேச்சை ஆரம்பிக்கும் முன்பே தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டார். நாம் சொன்னால்தான் அது பார்க்கும், மற்ற நேரமெல்லாம் சும்மாதான் இருக்கும் என்று நான் மூச்சைப் பிடித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், துண்டை மட்டும் எடுக்கவில்லை. "அது நம்மளப் பாக்குறது கெடக்கட்டும் தம்பி. எம் மகன் அதுல என்னத்தப் பாக்குறான்னு நான் பாக்குறதுக்குக் கம்பெனிக்காரன் ஏதாச்சும் வச்சிருக்கானா?"

நெற்றி எது?

வெள்ளிக்கிழமை காலையில் முனியாண்டி மருமகளோடு வந்தார். கேமராவை ஓடவிட்டுக் காட்டி, இந்தக் கண்தான் இதில் விசேஷம் என்று பத்து தரமாவது சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை, அரை நாள் கடை, மறுபடியும் வந்து நின்றார்கள். மலரின் இடுப்பில் குழந்தை. முனியாண்டியின் கையில் துண்டில் சுற்றிய லேப்டாப். முகம் இறுகியிருந்தது.

"கண்ணு தெரியல தம்பி" என்றார். முந்தின நாள் சாயங்காலம் பேரையூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள். திரையில் செல்வம் வந்துவிட்டான், பேசவும் பேசினான். ஆனால் அவனுக்கு இந்தப் பக்கம் வெறும் இருட்டு. பிள்ளை கையை நீட்டிக் கூப்பிட, அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு "எங்க இருக்கீக, எங்க இருக்கீக" என்று கேட்டிருக்கிறான். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதைச் சொல்லும்போது முனியாண்டிக்குக் குரல் உடைந்தது.

திறந்து பார்த்தேன். திரைக்கு மேலே, நட்ட நடுவில், ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். கேமரா அதற்கு அடியில் இருந்தது. வாங்கிய கையோடு குலசாமி கோவிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். டிராக்டர் வாங்கினாலும் டிவிஎஸ் வாங்கினாலும் நாம் எல்லோரும் செய்வதுதான். பூசாரி "இதுக்கு நெத்தி எது?" என்று கேட்க, நான் பத்து தரம் சொல்லிக் கொடுத்த விசேஷத்தை முனியாண்டி தொட்டுக் காட்டியிருக்கிறார். பூசாரியும் அந்த இடத்தில் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார்.

அப்பாடா என்று துடைக்கிற துணியை எடுத்தேன். அதுவரைக்கும் வாயே திறக்காத மலர், "வேணாம்ண்ணே, பொட்டை அழிக்காதீங்க" என்றாள். "அவுக கடல் தாண்டி இருக்காக."

கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு துடைப்புத் துடைத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு துடைப்பை அங்கே யாராலும் செய்ய முடியவில்லை. முனியாண்டி தெருவைப் பார்த்துக்கொண்டார். முதலாளி, தனியாக ஒரு கேமரா வாங்கிப் பக்கத்தில் மாட்டிவிடலாமா என்றார். ஞாயிற்றுக்கிழமை அது எங்கே கிடைக்கும் என்பதை அவரே யோசித்து அவரே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பானு அக்கா எழுந்து வந்தார். மேஜை டிராயரில் எப்போதும் இருக்கும் மீனாட்சி கோவில் குங்குமத்தை மலரிடம் நீட்டி, முதலில் லேப்டாப் மூடியின் வெளிப்பக்கம் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். மலர் வைத்தாள். அடுத்து அவளுடைய விரலிலேயே ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, கேமரா மேல் இருந்த பொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குழந்தையின் நெற்றியில் வைக்கச் சொன்னார். காய்ந்த சந்தனம், சுலபத்தில் வரவில்லை. கடைசியில் மிச்சமிருந்த ஈரத்தை மட்டும் நான் ஒற்றி எடுத்தேன். மலர் நிமிர்ந்து பார்த்தாள், இது சரிதானா என்று கேட்கிற பார்வை. பானு அக்கா குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "எங்கேம்மா அழிச்சோம்? அவரு பொண்ணுக்கே மாத்தி வச்சிருக்கோம்."

பேச்சு வரவில்லை

கடை இன்டர்நெட்டிலேயே மாட்டினேன். சிங்கப்பூரில் செல்வத்துக்கும் லீவு. திரையில் ஒரு ஒல்லி முகம், பின்னால் இரண்டடுக்குக் கட்டில், கொடியில் காயும் துணிகள். முதலில் அவன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் பார்வை ஓர் இடத்தில் வந்து நின்றது. குழந்தை விரலை வாயில் வைத்தபடி அவனையே பார்த்தது. அவன் தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அதுவும் சாய்த்தது. அந்தப் பக்கம் சாய்த்தான், அதுவும் சாய்த்தது. அப்புறம் இடுப்பிலிருந்து எக்கி, எச்சில் கையால் திரையில் அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டுவிட்டுச் சிரித்தது. நான் துடைத்த திரைகளிலேயே, துடைக்க மனம் வராதது அதுதான்.

"பிள்ளை தெரியுதாடா? செல்வம், தெரியுதா?" என்று முனியாண்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். அந்த அறையில் ஃபேன் சுற்றுவது கேட்டது, யாரோ கதவைச் சாத்துவதும் கேட்டது. முனியாண்டி என் பக்கம் திரும்பினார். "நேத்துப் பேசுனான், பாக்க முடியல. இன்னைக்குப் பாக்குறான், பேச்சு வரல. ரெண்டும் சேந்து வர்ற மாடல் இல்லையாப்பா?"

முதலாளி பில் புக்கில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். மலர்தான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பொட்டி நல்லாத்தான் இருக்கு மாமா. அவுகளாலதான் பேச முடியல."

புது மாடலில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்று அன்றைக்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனாலேயே மறு வருஷம் மூடியின் நிறத்தை மட்டும் மாற்றி அனுப்பியபோது, அதற்கும் ஒரு நல்ல வார்த்தை தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.