எதுக்கும் அக்கா வீடு வாங்கிய கதை

சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் தலையை நுழைத்து, முழங்காலிட்டு, அக்கா மூக்கை உறிஞ்சினார். வெளியே நின்ற தரகர் அக்காவின் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

“ஈர வாசனை இல்லதான்” என்று தலையை வெளியே எடுத்த அக்கா, “எதுக்கும் மாடிக் குழாயத் தொறந்து விடுங்க, பாத்துடலாம்” என்றார்.

பாதிப் பேச்சு அவருக்கு ‘எதுக்கும்’ என்றுதான் தொடங்கும். தரகர் தன் கைபேசியில் அவர் எண்ணை ‘எதுக்கும் அக்கா’ என்றே பதிந்து வைத்திருக்கிறார். தற்செயலாக எட்டிப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்து அக்கா அதையும் கண்டுபிடித்துவிட்டார். கோபம் வரவில்லை. “பொய்யா ஒண்ணும் எழுதலையே” என்று விட்டுவிட்டார்.

அக்காவுக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பெட்டிகள் இயந்திரத்துக்குள் போக, திரையில் அவற்றின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். “பெட்டியில என்னன்னு கேட்டா எல்லாரும் துணின்னுதான் சொல்லுவாங்க. துணிக்கு நடுவுல என்னங்கிறதுதான் கேள்வி” என்பார். அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர அவரால் முடியவில்லை. காய்கறிக்காரர் கூடுதலாக ஒரு தக்காளி போட்டால் மற்ற தக்காளிகளைத் திருப்பிப் பார்ப்பார்.

கணவர் பல்செட் செய்பவர். ஒருவர் வாயில் ஒரு மயிரிழை உறுத்தினாலும் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கொடுக்கும் தொழில். பொறுமைக்குக் குறைவில்லை. ஆனால் பல்செட்டுக்காவது ஒருநாள் முடிவு உண்டு. அக்காவின் வீடு தேடலுக்கு இல்லை. குடியிருக்கும் வாடகை வீட்டின் சொந்தக்காரர், தன் மகனுக்கு அந்த மாடி வேண்டும் என்று சொல்லிவிட்டார். தனி வீடு வாங்க வசதி போதாது. ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுதான் கைக்கு எட்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

நகரத்தின் பேட்டைகளை அக்கா எடைபோடும் விதமே தனி. விலையைக் கேட்பார், நம்பமாட்டார். நேரே அந்தத் தெருவின் மருந்துக்கடைக்குப் போய் ஒரு தலைவலி மாத்திரை வாங்குவார். “இந்தப் பக்கம் இருமல் மருந்து நெறையப் போகுதா? தூக்க மாத்திரை?” என்று கேட்பார். ஆலைக்குப் பக்கத்துப் பேட்டை இருமலில் அடிபட்டது. ஏரிக்கரைப் பேட்டையில் வீடுகள் அழகு, விலையும் நியாயம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மின்மீட்டர் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. “வெள்ளம் வராத ஊர்ல மீட்டர் எதுக்குங்க ஏணி ஏறுது?” என்றார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் பார்த்த வீட்டில், கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே மடித்த துணி செருகியிருந்தது. ரயில் போனால் கோப்பைகள் பேசும் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டை மறுவாரமே வேறு யாரோ வாங்கி, இன்றுவரை நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

“உனக்கு வீடு வேணாம்டி, குத்தம்தான் வேணும்” என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன கடுமையான வார்த்தை அது. அன்று சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தது.

அப்போதுதான் இந்த வீடு வந்தது. பூங்காவுக்குப் பின்னால் அமைதியான தெரு, வரிசையில் கடைசிக்கு முந்தியது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருடையது. ஈரம் இல்லை, விரிசல் இல்லை. மாடிக் குழாயில் தண்ணீர் பாய்ந்து வந்தது. விலையோ, அதே தெருவில் மற்ற வீடுகள் போனதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

“பொண்ணு வீட்டோட போய் இருக்கப் போறேம்மா. எனக்கு இது போதும்” என்றார் ஓட்டுநர்.

தெருவுக்கு வந்ததும் அக்கா கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். “கேட்டீங்களா? போதுமாம்! விக்கிறவன் வாயில ‘போதும்’ வருமா? எங்கயோ இடிக்குது.”

எங்கே என்றுதான் தெரியவில்லை. மருந்துக்கடையில் பக்கத்து வீடுகளைப் பற்றித் துருவினார். கடைக்காரர் பிடி கொடுக்கவில்லை. மதியம் ஒருநாள், சாயங்காலம் ஒருநாள் எதிர்ச்சாரியில் நின்று நோட்டம் விட்டார். இரண்டு முறையும், சுவரை ஒட்டிய கடைசி வீட்டில் ஜன்னல் திரை விலகி மூடியது. ‘அங்கதான் இருக்கு விஷயம்.’

விஷயம் அவரைத் தேடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மாள் வழிமறித்தார்.

“உங்களப் பத்தி ஒருத்தங்க வந்து விசாரிச்சாங்க. மிக்ஸி எப்பப் போடுவீங்க, உங்க வீட்டுக்காரர் கதவ அறைஞ்சு சாத்துவாரா, சண்டை கிண்டை உண்டான்னு... பொண்ணு பாக்க வந்த மாதிரி அவ்வளவு கேள்வி!”

“யாரு?”

“பேர் சொல்லல. பூங்காவுக்குப் பின்னால வீடுன்னாங்க.”

ஊரையெல்லாம் விசாரிக்கும் அக்காவை ஒருவர் விசாரிப்பதா? செருப்பை மாட்டிய கையோடு கிளம்பிவிட்டார். கணவர் ஒரு கையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்.

கடைசி வீட்டின் அழைப்புமணியை அழுத்தினால் சத்தம் வரவில்லை. கதவைத் தட்டக் கையை ஓங்கும்போதே அது திறந்தது. ஏறக்குறைய அக்காவின் வயதுள்ள பெண்மணி, உதட்டில் விரலை வைத்தபடி நின்றார்.

“எங்களப் பத்தி விசாரிக்க நீங்க யாருங்க?” என்றார் அக்கா.

“மெதுவாப் பேசுங்க. மருந்துக்கடையில எங்களப் பத்தி நீங்க விசாரிக்கலையா?”

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரித்திருக்க வேண்டும்.

பெண்மணி உள்ளே கூப்பிட்டார். அவருடைய கணவருக்கு விபத்தில் தலையில் அடி. உயிர் பிழைத்தார், ஆனால் சத்தம் ஆகாது. ஒரு கரண்டி விழுந்தாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். வீடு குறுகல், கட்டிலை வேறு எங்கும் போட வழியில்லை. நடுச்சுவரை ஒட்டித்தான் படுக்கை. ஓட்டுநர் இத்தனை வருடமும் அந்தப் பக்கம் அடிமேல் அடி வைத்துத்தான் நடந்திருக்கிறார்.

“விக்கும்போது அமைதியான ஆளுங்களாப் பாத்துக் குடுங்கண்ணான்னு கேட்டேன். ‘அதிக வெல சொன்னா காசுள்ளவன் ஒருத்தன் வருவான், அவன் யாரா இருந்தாலும் குடுத்தாகணும். கொறச்சுச் சொன்னா நாலு பேர் வருவாங்க, பொறுக்கி எடுக்கலாம்’னு அவரு சொன்னாரு. தரகர்கிட்ட வெலாசம் வாங்கி, வர்றவங்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு வர்றது என் வேலை.”

அக்கா நம்பவில்லை. அடுத்தவருக்காகத் தன் வீட்டின் விலையைக் குறைக்கும் ஆளை அவர் கண்டதில்லை. “எதுக்கும் அவரப் பாக்கலாமா?” என்று கேட்டேவிட்டார். கணவர் அக்காவின் முந்தானையை இழுத்தார்.

பெண்மணி கோபப்படவில்லை. அறைக்கதவைத் திறந்தார். கதவின் ஓரம் முழுக்கக் கம்பளித்துணி ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் குழாயிலிருந்து வாளிக்குள் நீளமாக ஒரு துணிக்கீற்று தொங்க, தண்ணீர் அதன்வழியே ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஒல்லியான மனிதர் ஒருவர். அக்காவைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையசைத்தார்.

வாசலுக்கு வந்தபின் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நாங்க வந்து சத்தம் போட்டா என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ண முடியும்? கேட்டுக்கிட்டுக் கெடப்பாரு.”

அக்கா செருப்பை மாட்டினார். பிறகு மனசு கேட்காமல், “எங்க கீழ்வீட்டம்மா என்னப் பத்தி என்ன சொன்னாங்க?” என்றார்.

“சந்தேகம் ஜாஸ்தி, சத்தம் கம்மின்னாங்க.”

வீடு கைமாறியது. பத்திரத்தை ஒரு வக்கீல் பார்த்தபின், அந்த வக்கீல் சரியாகப் பார்த்தாரா என்று இன்னொரு வக்கீல் பார்த்தார். கையெழுத்துப் போடும்போதும் அக்கா ஓட்டுநரின் முகத்தை ஓரக்கண்ணால் ஆராய்ந்துகொண்டுதான் இருந்தார். “வேற ஏதாவது இருக்கும், பாத்துக்கிட்டே இருங்க” என்று திரும்பும் வழியெல்லாம் சொன்னார்.

குடிவந்த அன்று பீரோ ஏற்றிய ஆட்களை, உரக்கத் திட்ட முடியாமல் சைகையிலேயே திட்டினார். சாயங்காலம் கணவர் தேநீர்க் கோப்பையோடு கூடத்துக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசை நாற்காலிகள் நான்கும் தலைகீழாகக் கிடந்தன. நடுவில் தரையில் அக்கா. மடியில் கணவரின் பழைய காலுறைகள். ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலிக் கால்களுக்கு மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த ஒன்றை நிமிர்த்தி, தரையில் மெல்ல இழுத்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். திருப்தியில்லை. நாற்காலியை மறுபடி கவிழ்த்து, காலுறைக்கு மேல் இன்னொரு காலுறையை மாட்டினார்.