ஒரு சாண் உயர்ந்த ஓரக்கல்

என் கொழுந்தனார் முப்பது வருடமாகச் சுவர் கட்டுகிற கொத்தனார். அவர் வைக்கிற கல் வரிசை நூல் பிடித்தது போல இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் மழைக்கு மழை மண் அரித்து, பள்ளம் சமையலறைச் சுவருக்கு இரண்டடி தூரத்தில் வந்துவிட்டது. தண்ணீரைத் திருப்பிவிட அவரே கல் பதித்த வாய்க்கால் போட்டார். பதினோரு நாள் வேலை. ஓரக் கற்களைத் தரைக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி அழகாக அடுக்கியிருந்தார். நானும் வாயாரப் புகழ்ந்தேன்.

முதல் மழையில் சரிவிலிருந்து வந்த தண்ணீர் அந்த வரிசையில் முட்டியது. உள்ளே இறங்க வழியில்லாமல் ஓரமாகவே ஓடி, மறுபடியும் பள்ளத்தில் விழுந்து மண்ணை அறுத்தது.

“ஊருக்கெல்லாம் சுவர் வச்ச பழக்கம், தண்ணிக்கும் சுவர் வச்சுட்டீங்களா?” என்றாள் அவர் மனைவி, என் ஓரகத்தி.

“கிண்டல் அப்புறம். கடப்பாரையை எடு.”

“அடுக்கினதையெல்லாம் பிரிக்கவா தம்பி?” எனக்கு மனசு கேட்கவில்லை.

“அழகைப் பாத்தா அடுப்படி போயிடும் அண்ணி.”

கொட்டுகிற மழையில் மேல் ஓரத்துக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். நான் சாமியை வேண்டிக்கொண்டே வாங்கி ஒதுக்கினேன். ஓரம் தரைமட்டத்துக்கு வந்ததும் தண்ணீர் தானாக வாய்க்காலுக்குள் சரிந்தது. பள்ளம் சுவருக்கு ஓரடி தள்ளி நின்றுவிட்டது. ஆண்டவன் காப்பாற்றினான்.

இப்போது யார் வாய்க்கால் போடக் கூப்பிட்டாலும் போகிறார். முடித்ததும் சரிவில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது உள்ளே இறங்குவதைப் பார்த்த பிறகுதான் கையைக் கழுவுகிறார்.