கடன் தீர்ந்ததைச் சொல்லாத ஒன்பது மாதம்

சம்பளக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பெரிய கிளார்க், பேரேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உன் சங்கக் கடன் போன மாசத்தோட தீர்ந்துபோச்சுப்பா. இனிமே முழுச் சம்பளம்" என்றார். கையில் எழுபத்திரண்டு ரூபாய் இருந்தது. இருபத்தாறு மாதமாக, பதினெட்டு ரூபாய் பிடித்தம் போக, ஐம்பத்து நான்கைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ஓடிப்போய் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சங்கிலியும் கொக்கியும் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் நான் ஃபிட்டர். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. காலடிப்பேட்டையில் ஒரே அறை உள்ள வாடகை வீட்டில் நான், மனைவி, ஏழு வயது மகள். அதற்கு முன்பு என் அப்பா ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனார். மருந்துக்கும், பிறகு காரியத்துக்கும் நாலு இடத்தில் கைமாற்று, இரண்டு இடத்தில் வட்டிக்கு என்று வாங்கியிருந்தேன். ஒரு சம்பள நாளில் வட்டிக்காரர் பட்டறை வாசலிலேயே காத்திருந்து, இருநூறு பேர் வெளியே வரும் நேரத்தில் என் சட்டைக் காலரைப் பிடித்தார். பித்தான் தெறித்து விழுந்தது. கூட வேலை செய்தவர்கள் பார்க்காத மாதிரி நடந்து போனார்கள். அவர்கள் நின்று பார்த்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த நாள் பெரிய கிளார்க் என்னைக் கூப்பிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரே கடனாக எழுதிக் கொடுத்தார். அதை வைத்து எல்லோருக்கும் தீர்த்தேன். சங்கத்துக்கு மாதாமாதம் சம்பளத்திலிருந்தே பிடித்தம். அந்த இருபத்தாறு மாதமும் வீட்டை நடத்தியவள் என் மனைவி. பாலை நிறுத்தினாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை வாரத்துக்கு ஒருநாள் ஆக்கினாள். கொருக்குப்பேட்டை கிடங்குகளிலிருந்து கிழிந்த கோணிப் பைகள் கட்டுக்கட்டாக வரும். அவற்றை வாங்கி வைத்து, பெரிய கோணி ஊசியும் சணலுமாகப் பகல் முழுக்கத் தைப்பாள். நாளைக்குப் பத்தணா, பன்னிரண்டணா கிடைக்கும். கோணித் தூசி அவள் மூக்கிலும் தொண்டையிலும் ஏறிக்கொண்டே இருந்தது. "கடன் முடிஞ்சதும் இந்தக் கருமத்த வுட்டுடணும்யா" என்று சொல்லிக்கொண்டேதான் தைப்பாள்.

கடன் முடிந்தது. நான் அந்தப் பதினெட்டு ரூபாயைத் தபாலாபீசில் கொண்டுபோய்ப் போட்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இதுதான்: ஐம்பத்து நான்கில் வாழப் பழகிவிட்டோம், அந்தப் பழக்கம் கலைந்துவிட்டால் பிறகு வராது. இரண்டு மூன்று மாதம் சேர்த்துவிட்டு, ஒரு தொகையாகக் காட்டினால் அவளும் சந்தோஷப்படுவாள். கேட்க நல்ல காரணம்தான். ஆனால் உண்மை வேறு. பணம் கையில் இருப்பது தெரிந்தால் அவள் பால் வாங்குவாள், புடவை கேட்பாள், தைப்பதை நிறுத்துவாள். அப்புறம் ஒரு நாள் யாராவது என் காலரைப் பிடிப்பார்கள். இந்தப் பயம் எனக்குள் வியாதி மாதிரி இருந்தது. சேமிப்புப் புத்தகத்தைப் பட்டறையில் என் கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். முப்பத்தாறு. ஐம்பத்து நான்கு. பார்க்கப் பார்க்க உடம்புக்குத் தெம்பாக இருக்கும்.

"இன்னாய்யா, சங்கத்துக் கடன் இன்னும் எத்தினி மாசம் கீது?" என்று ஒரு நாள் சோறு போடும்போது கேட்டாள்.

"வட்டியெல்லாம் சேந்து கொஞ்சம் இழுத்துக்கினு கீது. இன்னும் ஒரு வருஷம் ஆவும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். அவள் கைநாட்டுக்காரி இல்லை. எண்ணும் எழுத்தும் தெரிந்தவள். ஆனாலும் என் கணக்கைச் சரிபார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆடி மாதம் மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. தர்ம ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தபோது குழந்தையின் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் மூன்று மாதத்துக்குப் பாலும் முட்டையும் பழமும் தவறாமல் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

"ஒரு பத்து ரூபா யார்கிட்டயாவது கேட்டுப் பாரேன்" என்றாள் மனைவி.

"மறுபடியும் கடனா? ஒயுங்கா கஞ்சி குட்த்தாலே போதும், தேறிடும். நாமெல்லாம் பால் குட்ச்சா வளந்தோம்?" என்று எரிந்து விழுந்தேன். அந்த வாரம்தான் நான்காவது பதினெட்டு ரூபாயைப் போட்டுவிட்டு வந்திருந்தேன். புத்தகத்தில் எழுபத்திரண்டு ரூபாய் இருந்தது.

அதற்குப் பிறகு எப்படியோ வீட்டில் பால் வந்தது. முட்டை வந்தது. குழந்தையின் கன்னத்தில் சதை பிடித்தது. கேட்டபோது, "கோணி கொஞ்சம் ஜாஸ்தி தெச்சேன்" என்றாள். தீபாவளிக்கு மகளுக்குப் பாவாடை, எனக்கு ஒரு எட்டு முழ வேட்டி. அவளுக்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு தைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். யோசித்திருந்தால் அந்தக் கணக்கு உதைத்திருக்கும். யோசிக்க நான் விரும்பவில்லை. பால் வருகிறது, என் புத்தகத்திலும் குறையவில்லை. அது போதுமானதாக இருந்தது எனக்கு.

தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், பட்டறையில் கொதிகலன் பழுதாகி மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் சந்துக்குள் திரும்பியபோது வீட்டு வாசலில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. கக்கத்தில் தோல் பை, கையில் மடக்கிய அட்டை. பார்த்தவுடனே தெரிந்தது, தண்டல்காரர். ஐம்பது ரூபாய் கடன் என்றால் ஐந்தைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தைந்து கொடுப்பார்கள். தினம் எட்டணா வீதம் நூறு நாள் வாசலுக்கு வந்து வசூலிப்பார்கள்.

"இன்னாம்மா, மூணு நாளா டபாய்ச்சிக்கினே கீற? உன் வூட்டுக்காரர் ஃபிட்டர்தானே? அவராண்ட நானே பேசறேன்."

"ஐயோ அண்ணே, அவுருக்குத் தெரிய வேணாம்." என் மனைவியின் குரல். "சங்கத்துக் கடனே இன்னும் தீராம ராவும் பகலும் கவலைப்பட்டுக்கினு கீறாரு. இதுவும் தெரிஞ்சா மனசு ஒட்ஞ்சி பூடுவாரு. நாளைக்குக் கோணிக் காசு வந்துடும், சேத்துக் கட்டிடறேன்."

நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டேன். கடற்கரையில், வலை காயப்போட்டிருந்த இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடனுக்குப் பயந்து நான் சேர்த்தேன். நான் சேர்த்ததால் அவள் கடன் வாங்கினாள். தபாலாபீஸ் எனக்குத் தரும் அற்ப வட்டியையும், அந்தத் தோல் பைக்காரருக்கு அவள் ஊசி பிடித்துக் கட்டும் வட்டியையும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஆனால் அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது அவளிடம் சொல்ல வேண்டும் என்பது அல்ல. அவளுக்குத் தெரியாமல் இதைச் சரிசெய்துவிடலாம் என்பதுதான்.

மறுநாள் பணம் எடுத்துக்கொண்டு தண்டல்காரரைத் தேடிப் போனேன். ஆடியில் வாங்கிய முதல் கடன் முடியும் தறுவாயில், தீபாவளிக்கு என்று இரண்டாவதும் வாங்கியிருந்தாள். பாக்கி பதினெட்டு ரூபாய். நான் மாதாமாதம் ஒளித்து வைத்த அதே தொகை. கட்டிவிட்டு, "வூட்ல ஒண்ணும் சொல்லாதப்பா" என்றேன். அவர் தலையாட்டினார். சாயங்காலமே வீட்டுக்கு வந்து, கணக்கு முடிந்தது என்று அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டியது யார் என்று அவளுக்கா தெரியாது?

நான் வீடு திரும்பியபோது அவள் கோணிக் கட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எனுக்காவ இன்னொருத்தன்கிட்டப் போய்க் கை நீட்டினியா? எவ்ளோ வட்டிக்கு வாங்கின, சொல்லு? நான் பண்ண தப்புக்கு நீ ஏன்யா..." என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இனியும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. பணம் எடுக்கக் கொண்டுபோய்ச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்த சேமிப்புப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எடுத்தது போக நூற்று நாற்பத்து நான்கு ரூபாய் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டு வந்தாள். நான்காவது வரியில் விரல் நின்றது.

"இது கொயந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரமா?"

"ஆமா."

"அப்போ கஞ்சி போதும்னு சொன்னியே."

அவள் கத்தவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து அடுப்பு மூட்டப் போனாள். கத்தியிருக்கலாம். வட்டிக்காரர் பிடித்த மாதிரி காலரையாவது பிடித்திருக்கலாம்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு எண்ணூரில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். பன்னிரண்டு நாள் கழித்து, நான் போய்க் கூப்பிடாமலே திரும்பி வந்தாள். "ஸ்கூலு கெட்டுப் போவுது, அதான் வந்தேன்" என்றாள். கோணிக் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். அந்த மாதச் சம்பளத்தை முழுதாக அவள் கையில் கொடுத்தேன். வாடகை, அரிசி, விறகு என்று எடுத்து வைத்தாள். பிறகு பாலுக்கு. பிறகு காய்ச்சல் தலைவலி என்று வந்தால் எடுக்க ஒரு டப்பாவில் மூன்று ரூபாய். எல்லாம் போக மீந்திருந்த ஆறு ரூபாயை என்னிடம் நீட்டினாள்.

"இத்த கொண்டுபோய்ப் போடு. எம் பேரையும் சேத்து எழுதிக்கினு வா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் ஏற்பாடு. நான் வேலையிலிருந்து நிற்கும்வரை மாறவில்லை. சேமிப்பு மெதுவாகத்தான் வளர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் எங்கள் வாசலுக்கு வசூலுக்கு வந்ததில்லை.

அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி அவள் என்னிடம் மறுபடி பேசவில்லை. மற்றவர்களிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "அப்போ நாங்க கடன்ல கீறோம், சல்லிக் காசு கெடையாது" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். கோணித் தூசியில் பிடித்த இருமல் மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.

மகள் இப்போது பள்ளிக்கூட வாத்தியாரம்மா. தன் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறாள்: "தாத்தா கையில ஒரு பைசா இல்லாத நேரத்துலயும் எனக்குப் பாலும் முட்டையும் வாங்கிக் குடுத்து உயிர் பிழைக்க வச்சாரு." பிள்ளைகள் என்னைப் பெருமையாகப் பார்க்கின்றன. நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இதை எழுதி ஒரு வாரம் ஆகிறது. மகளிடம் இன்னும் கொடுக்கவில்லை.