பிள்ளையார் தலையில் இருந்த பூ

"...காய்க்காத பூவைத்தானுங்ண்ணா பறிச்சோம்! காயையா பறிச்சோம்? சாமிக்குன்னு கிள்ளுனதத் திருப்பிக் கேக்கறீங்களே!"

பக்கத்துத் தோட்டத்து அம்மிணிக்குக் கோபம். மடி நிறைய அரசாணிப் பூ, மஞ்சள் பூசணிப் பூ. கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

மண்ணெண்ணெய்க்குப் பஞ்சமான யுத்த காலம். சங்ககிரிக்குத் தெற்கே ரயில் கேட்டை அடைத்துத் திறப்பது என் வேலை. கேட்டடி வீட்டில் நான் ஒருவன்தான். வேலியில் ஓர் அரசாணிக் கொடி. மார்கழி பிறந்ததிலிருந்து, கோலத்து நடுவே வைக்கிற சாணிப் பிள்ளையாருக்குப் பூக் கேட்டு விடியுமுன் வந்துவிடுவார்கள். அடியில் பிஞ்சு இல்லாத பூவாகப் பார்த்துத்தான் பறிப்பார்கள். நானும் தடுத்ததில்லை. "ஏனுங்ண்ணா, இன்னிக்கும் பழைய சோறுதானா?" என்று கேலி பேசுவார்களே, அதை விட்டால் நாள் முழுக்க எனக்கு ரயில்தான். அது கூவும், பதிலுக்கு நிற்காது.

அந்த விதை என் மனைவி சாம்பலில் புரட்டி வைத்துவிட்டுப் போனது. அவள் கண்ணை மூடிய பிறகு வந்த ஆடியில் எல்லாவற்றையும் ஊன்றினேன், ஒன்றுதான் முளைத்தது. ஒரு காயாவது முற்றினால் விதை மிஞ்சும். பிஞ்சுகள் மார்கழியில்தான் வந்தன; வந்தவையோ மஞ்சளடித்து உதிர்ந்துகொண்டே இருந்தன. யாரோ பிஞ்சைக் காட்டி விரல் நீட்டிக் கண் வைத்துவிட்டார்கள் என்று பழஞ்செருப்பைக் கட்டினேன். செருப்பு நன்றாகத் தொங்கியது. பிஞ்சுதான் நிற்கவில்லை.

முந்தின நாள் சும்மா உட்கார்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஞ்சுப் பூவுக்குள் போய் வந்த தேனீயின் உடம்பில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. கார்த்திகையில், யாரும் பூப் பறிக்க வராதபோது, இதே தேனீ மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி அல்லவா திரிந்தது? பிஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டிய பொடியை நாங்கள் பிள்ளையாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

"ஆண்பனை இல்லாத காட்டுல நுங்கு ஏது அம்மிணி? இன்னிக்கு ஒரு பிஞ்சுதான் பூத்திருக்குது. அவ வெச்ச விதைங்க இது" என்றேன்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் பூவோடு நடந்துவிட்டார்கள். இனி வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். வெயில் வந்தது. சேலம் வண்டிக்குக் கேட்டை அடைத்தேன். வண்டி போயிற்று. திறந்தபோது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அம்மிணி தனியாக நின்றாள். கையில் ஒரு பூ. காம்பில் சாணி ஒட்டியிருந்தது.

"பிள்ளையாரக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். ஒண்ணுஞ் சொல்லலீங்க. எதுங்ண்ணா அந்தப் பிஞ்சு?"

விரல் நீட்டாமல் மோவாயால் காட்டினேன். அவள் வேலியோரம் குந்தி, சாணியை முந்தானையில் துடைத்தாள். கையிலிருந்த பூவின் இதழ்களைப் பின்னால் ஒதுக்கிப் பிடித்து, குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி, பிஞ்சுப் பூவின் உள்ளே மெதுவாகத் தேய்த்தாள்.