கிரானைட்டும் இரண்டாவது கோட்டும்

செம்பாக்கத்தில் பதினாறு வீடுகளையும் விற்று முடித்தபோது அந்த மனையில் கடைக்கால்கூடத் தோண்டவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு கலர் படமும், என்னென்ன தருவோம் என்று அச்சடித்த ஒரு தாளும்தான். நான் சைட் இன்ஜினியர். விலை அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது. பாதிக் கட்டடம் எழும்பியபோது கம்பியும் சிமென்டும் ஏறின. விற்ற விலை ஏறுமா?

முதலாளி உள்ளூர்க்காரர். அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் ஃபிளாட் போட்டார். "மேடம், லாபி கிரானைட்ல கை வைக்காதீங்க. வர்றவங்க அதத்தான் பாப்பாங்க. கண்ணுக்குத் தெரியாதது எதுனா இருந்தா சொல்லுங்க, அதுல குறைப்போம்" என்றார்.

சொன்னது நான்தான். பழியை அவர் மேல் போட்டுத் தப்பிக்க மாட்டேன். பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக வார்த்து, அதற்குள் பைப் ஓட்டி, நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவோம். நிரப்புவதற்கு முன் அந்தப் பள்ளத்தில் வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட் அடிக்க வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கோட் போதும் என்றேன். ஒரே ஒரு வீட்டில் தண்ணீர் கட்டினோம். ஒழுகவில்லை. பதினாறு வீட்டுச் செக்லிஸ்ட்டிலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பாத்ரூமுக்குப் பொருந்தாது.

சாவி கொடுக்க ஒரு மாதம் இருந்தது. தரைத்தள வீட்டை வாங்கியிருந்த ஜெசிந்தா கட்டிலுக்கு அளவெடுக்க வந்தார். நர்ஸ். வாடகையும் இ.எம்.ஐ.யும் ஒரே சம்பளத்தில் கட்டிக்கொண்டிருந்தவர். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றார். மேல் வீட்டு பாத்ரூமை ஒட்டிய சீலிங்கில் தோசைக்கல் அளவுக்கு ஈரம்.

"மேடம், இது என்ன ஈரம்? மேல இன்னும் யாரும் குடியே வரலியே."

அந்த வாரம் பிளம்பர் மேலே குழாய்களைத் திறந்து சோதித்திருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. "கான்கிரீட் இறுகறதுக்கு விட்ட க்யூரிங் தண்ணிம்மா, காஞ்சிடும்" என்றேன். கேட்பவர் வாயை அடைக்க எங்கள் தொழிலில் இந்த ஒரு வார்த்தை போதும்.

"நீங்க சொன்னா சரி" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது. கேட் வரை போனவரைக் கூப்பிட்டு, "அது க்யூரிங் தண்ணி இல்லம்மா. ஒரு கோட்ட நான்தான் குறைச்சேன்" என்றேன். அவர் திட்டவில்லை. அங்கேயே ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி குதித்தார். "பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா முடியற வேலைய ஊருக்கே சொல்லிட்டீங்களே மேடம்." எல்லா பாத்ரூமையும் உடைக்கக் கையில் காசில்லை. மிச்சமிருந்தது கிரானைட்டுக்கு ஒதுக்கியது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை, வாங்கியவர்கள் எல்லோரையும் சைட் ஷெட்டில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னோம். கத்தித் தீர்த்தார்கள். சத்தம் அடங்கியதும் ஜெசிந்தா கேட்டார்: "சார், காசு பத்தலன்னா அன்னிக்கே எங்களக் கூப்பிட்டிருக்கலாமே? கிரானைட் வேணாம், பாத்ரூம ஒழுங்கா போடுங்கன்னு நாங்களே சொல்லியிருப்போமே. யாருக்காக சார் அந்தக் கிரானைட்?"

எதைக் குறைக்கலாம் என்று கான்ட்ராக்டரைக் கேட்டிருந்தோம், டைல்ஸ் கடைக்காரரைக் கேட்டிருந்தோம். அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்கவில்லை.

உடைத்தோம். இரண்டு கோட் அடித்து, ஒவ்வொரு பாத்ரூமிலும் இரண்டு நாள் தண்ணீர் கட்டினோம். சாவி நான்கு மாதம் தள்ளிப்போனது. அந்த நான்கு மாத வாடகையையும் ஜெசிந்தாதான் கட்டினார். என் கையெழுத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

அதற்குப் பிறகு எந்த சைட்டில் செலவைக் குறைக்க வேண்டி வந்தாலும் வாங்கியவர்களைக் கூப்பிட்டு லிஸ்ட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். ரிட்டையர் ஆகும்வரை அப்படித்தான்.

ஜெசிந்தா வீட்டுக்கு எப்போதாவது போவேன். சாதா டைல்ஸ் போட்ட லாபியைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் என் கண் தானாக மேலே போகும்.

"காஞ்சுதான் இருக்கு மேடம், உக்காருங்க" என்பார்.

ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.