ஞாயிற்றுக்கிழமை இறங்கிய வள்ளம்

செல்வராணி என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் ஊரான புன்னைக்காயலில் நண்டு வலை போடுகிற ஜீவமணி அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள். வாய் கொஞ்சம் நீளம். என் வாயும் குறைச்சலில்லை என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

மழை முடிந்ததிலிருந்து திங்கட்கிழமை வந்தாலே ஆற்று முகத்துவாரத்தில் செத்த நண்டுதான் வலையில் ஏறியது. தண்ணீரில் கை வைத்தால் அரிப்பு. வாரத்தின் நடுவில் எல்லாம் சரியாகிவிடும். அதிகாரிகள் ஒரு வியாழக்கிழமை வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

“ஞாயித்துக்கெழம நம்ம ஆளுவ யாரும் தண்ணில இருக்க மாட்டாவன்னு தெரிஞ்சுதான் எவனோ கொட்டுதான் மதினி” என்றாள் செல்வராணி.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கான நாள், எங்கள் ஊரில் வள்ளம் இறங்காது. மீறி இறக்கினால் ஊர்க் கமிட்டி அந்த வள்ளத்தை ஒரு மாதம் தொழிலுக்கு விடாது. செல்வராணி வீட்டுக்கோ அந்த ஒரு வள்ளம்தான் சோறு.

அந்த ஞாயிறு பூசை மணி அடித்து ஊரே மாதா கோயிலுக்குள் போனது. என் பக்கத்தில் செல்வராணி உட்காரும் இடம் காலியாக இருந்தது. புருஷனிடம்கூடச் சொல்லாமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தனியாக அக்கரைக்குப் போயிருந்தாள்.

அங்கே முள் நிறைந்த உடைமரங்களுக்குப் பின்னால் ஒரு டேங்கர் லாரி. குழாய் வழியாகக் கறுப்பாக ஏதோ ஆற்றுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. செல்போனில் வீடியோப் படம் பிடித்தாள். டிரைவர் பார்த்துவிட்டான்.

“ஏளா, உங்களுக்கு இன்னைக்குப் பூசையில்லா? இங்கன என்ன பண்ணுத?”

கேட்டுக்கொண்டே கம்பியோடு தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துவிட்டான். துடுப்பால் அவன் கையில் ஒரு போடு போட்டுவிட்டுத் தப்பி வந்தாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னாள்.

ஜீவமணி அண்ணன் அழாத குறையாகக் கெஞ்சினார். “படத்த அழிச்சிரு. யார்ட்ட காட்டுனாலும் என்னைக்கு எடுத்தன்னுதான் கேப்பாவ. வள்ளத்தக் கட்டிப்போட்டா புள்ளைய என்னத்தத் திங்கும்?”

அவள் கேட்கவில்லை. அன்று மாலையே கமிட்டியைக் கூட்டச் சொல்லி, படத்தை எல்லோருக்கும் காட்டினாள். அதில் டிரைவர் பூசையைப் பற்றிக் கேட்டது அங்கிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஊர்த் தலைவர் விக்டர் அதை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

“படத்த நாளைக்கே கலெக்டர்ட்ட கொண்டு போவோம். ஆனா ஊர்க் கட்டுப்பாட்ட ஆளுக்கு ஏத்தாப்ல மாத்த முடியாது. அந்த வள்ளம் ஒரு மாசம் தொழிலுக்குப் போகக் கூடாது” என்றார்.

சம்மதம் என்றவர்கள் கை தூக்கினார்கள். என் வீட்டுக்காரரும் தூக்கினார். கூடப் பிறந்த தங்கைக்கு எதிராக. எனக்கு அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

“சரி தலைவரே. அடுத்த ஞாயிறு ஆத்துல காவலுக்கு யாரு நிப்பா?” என்று கேட்டாள் செல்வராணி.

ஜீவமணி அண்ணன்தான் எழுந்தார்.

“தொழிலுக்குத்தான போகக் கூடாது? எங்க வள்ளத்துக்குத்தான் ஏற்கெனவே தண்டன ஆயிட்டே, சும்மாத்தான கெடக்கப்போவுது. நாங்க நிக்கோம்.”

“சரி, நில்லுங்க” என்றார் விக்டர்.

அடுத்த ஞாயிறு புருஷனும் பெண்டாட்டியும் நடு ஆற்றில் வள்ளத்தை நிறுத்தினார்கள். லாரி வந்தது, இவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது.

திங்கட்கிழமை ஊரில் எல்லார் வலையிலும் உயிர் நண்டு. எங்கள் வலையிலும்தான். அவர்கள் வள்ளம் மட்டும் கரையில் கிடந்தது. நான் நண்டுக் குழம்பு வைத்து, சட்டியோடு செல்வராணி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கை தூக்கிய மனுஷனுக்கு அன்றைக்கு வெறும் ரசம்.