மிண்டாத பிள்ளையும் நிலுவையில் கிடந்த ஹர்ஜியும்

அந்தக் காலத்துப் பள்ளிச் சேர்க்கை விதி இரண்டே வாக்கியம். புதிதாகச் சேரும் பிள்ளை, சேரும் நாளில், தலைமை ஆசிரியர் முன்னிலையில் தன் பெயரைத் தானே தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிக்க இயலாத பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு மேலிடத்து உத்தரவு முன்கூட்டியே பெறப்பட வேண்டும்.

எங்கள் மூன்று பிள்ளைகளில் நடுவிலவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. ஏழு வயதாகியும் பள்ளிக்கூடம் போகவில்லை. தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவளும் வாசல்வரை போய் நின்று, அவர்கள் கண்ணில் மறைகிற வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து அரிசி புடைக்கும் முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றுவாள். அதைப் பார்த்த அன்றுதான் நான் ஹர்ஜி எழுதினேன். எங்கள் ராஜ்யத்தில் விண்ணப்பத்துக்கு அதுதான் பெயர்.

நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. விதியைக் கண்டால் மற்றவர்களுக்குத் தலைவலி வரும். எனக்குப் பசி எடுக்கும். மூன்று பிரதிகள், வைத்தியரின் சான்று, சபைப் போதகரின் சான்று, பிறந்த நாளுக்கு ஞானஸ்நானப் பதிவின் நகல், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல், பட்டியலுக்கு ஒரு முகப்புக் கடிதம். வீட்டுக் காலண்டரில் அப்போது பங்குனி. சர்க்காரின் மலையாளக் காலண்டரில் மீன மாதம். சித்திரைக்குள் மறுபடி, அதாவது சர்க்கார் பதில், வந்துவிடும், வைகாசி கடைசியில் பள்ளி திறக்கும்போது சேர்த்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மேற்கே கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. நான் சொன்னதை நம்பவில்லை என்பதை அந்தப் பக்கத்து ராகத்தில் ஒரு “ஓ” போட்டுத் தெரிவித்தாள்.

சித்திரை வந்தது. மறுபடி வரவில்லை. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. கச்சேரி நண்பர் ஒருவருக்குக் கன்னியாகுமரியில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்று இருந்தது. பத்து நாள் போய் இருந்துகொள்ளச் சொன்னார்.

போவதற்கு முந்தின நாள் யாத்திரை விதிகள் என்று ஏழு எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டினேன். அதில் மூன்றாவது விதி முக்கியமானது. அரை மணிக்கு ஒரு தடவை நான் ஆஜர் எடுப்பேன். ஒவ்வொரு பிள்ளையும் இருக்கும் இடத்திலிருந்து “ஆஜர்” சொல்ல வேண்டும். நடுவிலவள் கையைத் தூக்க வேண்டும். மனைவி படித்துப் பார்த்துவிட்டு, எட்டாவதாக ஒரு விதியை அடுப்புக்கரியால் கீழே எழுதினாள்: அப்பா தொலைந்தால் யாரும் தேட வேண்டாம்.

வடசேரியில் பஸ் ஏறும்போதே மூன்றாவது விதி நடைமுறைக்கு வந்தது. மூத்தவனுக்குப் பத்து வயது. கண்விழித்ததிலிருந்து கண்மூடும்வரை பேசுகிறவன். ஆஜர் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தமாட்டான். அதற்குக் காரணமும் விளக்கமும் சேர்த்துச் சொல்வான். கடைக்குட்டிக்கு நாலு வயது. தனக்கும், அண்ணனுக்கும், அக்காவுக்கும், பஸ் கூரையில் கட்டியிருந்த கோழிகளுக்கும் சேர்த்து ஆஜர் சொன்னான். சுசீந்திரம் தாண்டியதும் என் மடியில் வாந்தி எடுத்துவிட்டு அதற்கும் ஒரு ஆஜர் சொன்னான்.

நடுவிலவள்தான் ஒழுங்கு. பெயரைக் கூப்பிட நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கை மேலே போய்விடும். இது எப்படி என்று எனக்கு இரண்டு நாள் விளங்கவில்லை. மூத்தவன்தான் சொன்னான், கூப்பிடுவதற்கு முன்னால் என் மீசை ஒருமாதிரி அசையுமாம். எனக்குத் தெரியாத அந்தச் சங்கதி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கென்று ஒரு கைப்பாஷை உண்டு. பாதி அவளே உண்டாக்கியது, பாதி மூத்தவன் சேர்த்தது. பின்கொண்டையைத் தொட்டால் அம்மா. விரல்களை வாய்க்குப் பக்கத்தில் கொக்கின் அலகுபோல் திறந்து மூடினால் அண்ணன். தம்பிக்கு மூக்கைத் துடைக்க வேண்டும். என்னைக் காட்ட, முஷ்டியால் உள்ளங்கையில் ஒரு குத்து. அதைப் பார்த்து, பிள்ளைக்கு என்மேல் இவ்வளவு பயமா, நான் அடிக்கிறவனா என்று ஒரு நாள் முழுவதும் மனம் கலங்கிப்போனேன். கடைசியில் மனைவியிடம் கேட்டேன்.

“அடி இல்ல. சீல் குத்துகது,” என்றாள். “உங்களுக்குப் பொருத்தமான பேருதான்.”

ஒரு விடுமுறை நாளில் பிள்ளையைக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அன்று என்னிடம் அவள் கவனித்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

கடற்கரையில் காலையும் மாலையும் கழிந்தன. மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வாடிக்கையானாள். கூடையை இறக்கும்போதே சிலுவை போட்டுக்கொள்வாள். எங்கள் வீட்டில் யாரும் சிலுவை போடாததைப் பார்த்து, வேதக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு இப்படி இருக்கிறீர்களே என்று தினமும் வருத்தப்படுவாள். மரச்சீனிக் கிழங்குக்கு எந்த மீன் பொருந்தும் என்பதில் அவளுக்கும் என் மனைவிக்கும் நடந்த வாக்குவாதம் பத்து நாளும் தீரவில்லை. இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொன்னார்கள். சாப்பிட்டவர்கள் நாங்கள்.

ஆறாம் நாள் மாலை. ஆஜர் எடுத்தேன். நடுவிலவள் கை மேலே போயிற்று. கடைக்குட்டி நாலைந்து பேருக்குச் சேர்த்து ஆஜர் சொன்னான். மூத்தவன் சத்தம் இல்லை. அவன் சத்தம் இல்லை என்பதே போதும், ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்ள. மறுபடி கூப்பிட்டேன். காற்றும் அலையும் போட்ட இரைச்சலில் என் குரல் என் காதிலேயே விழவில்லை.

யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் நடுவிலவள். உள்ளங்கையில் ஒரு குத்து குத்தினாள். விரல்களைக் கொக்கின் அலகாக்கினாள். பிறகு கடலைக் காட்டினாள்.

கரையை ஒட்டி ஒரு கரும்பாறை. தண்ணீர் வடிந்திருந்தபோது மணலில் நடந்தே அதில் ஏறியிருக்கிறான். ஏறி நின்று யாரிடம் என்ன பேசினானோ, அதற்குள் பாறைக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. அவன் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. சொல் ஒன்றும் வந்து சேரவில்லை. நானும் கரையிலிருந்து கத்தினேன். இறங்காதே என்றேன், இறங்கு என்றேன், எது முதலில் எது பிறகு என்று இப்போது நினைவில்லை. எழுத்துமூலம் கொடுத்திருந்தால் தெளிவாக இருந்திருக்கும். எனக்கு நீந்தத் தெரியாது. மீன்கார அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மனைவி கடைக்குட்டியை இடுப்பில் வைத்தபடி சிலையாக நின்றுவிட்டாள்.

நடுவிலவள் கணுக்கால் தண்ணீரில் போய் நின்றாள். வலது கையை உயர்த்தினாள். நில் என்று அர்த்தம். அதுவரை பாறையில் தவித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். வீட்டில் அந்தக் கைக்கு அவன் பழகியவன். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் கடலைப் பார்த்தாள். ஒரு பெரிய அலை வந்து பாறையை மூடிப் போயிற்று. அடுத்தது. அதற்கு அடுத்தது. கை இறங்கவில்லை. அவளைப் பிடித்து இழுக்கப் போன என் தோளை மீன்கார அம்மாள் அழுத்திப் பிடித்தாள்.

“விடும் சாரே. பிள்ளை அலை பாக்குது.”

நாலாவது அலை சின்னது. கை கீழே வந்தது. அவன் குதித்தான், விழுந்தான், எழுந்தான், நாலு எட்டில் கரைக்கு வந்துவிட்டான். பிறகு பார்த்தபோது அது இடுப்பளவு தண்ணீர்தான். அந்த நிமிடத்தில் அதன் ஆழத்தை யாரும் எனக்குத் தெரிவிக்கவில்லை.

மனைவி முதலில் மகனுக்கு முதுகில் ஒன்று வைத்தாள். “ஏலே, வாயி இருக்குன்னுதானே போன. என்ன ஆச்சு?” என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

மீன்கார அம்மாள் சிதறின மீனைப் பொறுக்கிக்கொண்டே நடுவிலவளைப் பார்த்துச் சொன்னாள்: “கடல்கிட்ட வந்தா எல்லாரும் செவிடுதான் சாரே. எங்க ஆளுவளும் மரத்துல நின்னு கையக் காட்டித்தான் பேசுவாவ. இந்தப் பிள்ளைக்கு என்ன குறை?”

மரம் என்று அவள் சொன்னது கட்டுமரத்தை. அந்தக் கேள்விக்கு நான் மூன்று பிரதியில் பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையிலிருந்து மூத்தவனிடம் ஒரு மாறுதல். நன்றி சொல்ல அவனுக்குத் தெரியாது. ஒரு குச்சியை எடுத்து, ஈரமணலில் தங்கையின் பெயரை எழுதினான். மூன்றே எழுத்து. அவளைக் காட்டினான், எழுத்தைக் காட்டினான். அலை வந்து அழித்தது. மறுபடி எழுதினான். எழுத ஆரம்பித்த மூன்றாம் நாள் குச்சி அவள் கைக்குப் போயிற்று. பத்தாம் நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் மீசையை அசைத்துக்கொண்டிருக்க, அவள் ஓடிப்போய் கரையில் ஒரு ஆள் நீளத்துக்குத் தன் பெயரை எழுதிவிட்டு வந்தாள்.

ஊருக்கு வந்தோம். தபால் வரவில்லை. பள்ளி திறக்கும் நாள் வந்தது. உத்தரவு இல்லாமல் சேர்க்க முடியாது என்று மனைவிக்கு விளக்கிவிட்டு நான் கச்சேரிக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் நடுவிலவள் கக்கத்தில் முறத்துக்குப் பதில் சிலேட்டு.

நடந்ததை மூத்தவன் விவரமாகச் சொன்னான். அம்மா நடுவிலவளைக் கூட்டிக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியர் முன்னால் போய் நின்றாளாம். “சாரே, இது மிண்டாத பிள்ளையாக்கும்” என்றாளாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனைவியின் ஊரில் மிண்டுவது என்றால் பேசுவது. மிண்டாது என்றால் பேசாது. தலைமை ஆசிரியர் கிழக்கே தோவாளைப் பக்கத்துக்காரர். வகுப்பில் அவருக்குத் தெரிந்த மேற்கத்திச் சொல் ஒன்றே ஒன்று, பிள்ளைகளை அதட்ட உதவுகிற “மிண்டாதே.” நாற்பது வாய்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர். மிண்டாத பிள்ளை என்றதும், அடக்கமான பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்.

“இதைப்போல இன்னும் நாலு இருந்தா கொண்டாங்கம்மா,” என்று சொல்லி, குனிந்து பெயரைக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தவள், மேஜையிலிருந்த சிலேட்டை எடுத்து, மூன்றெழுத்தையும் எழுதிக் காட்டினாள். எழுத்தும் தெரிகிறதே என்று அவர் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்.

நான் மனைவியிடம், இது உண்மையை மறைத்தது ஆகாதா என்று கேட்டேன்.

“நான் என்ன மறைச்சேன்? மிண்டாதுன்னுதானே சொன்னேன். உங்க விதியில பேரைச் சொல்லணும்னு இருக்கா?”

விதியை எடுத்துப் பார்த்தேன். தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதை எனக்கு அவள் சுட்டிக்காட்ட வேண்டியிருந்ததுதான் எனக்குப் பெரிய அவமானம்.

மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. ஆஜர் எடுக்கும்போது அவள் கை சரியாக மேலே போயிற்று. தலைமை ஆசிரியருக்கும் என் மீசைபோல் ஏதோ ஒன்று அசைந்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் கூரை ஓடு மாற்ற வந்தவர்களின் ஏணி வகுப்புக்குப் பின்னால் சரிந்து விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் அலறி எழுந்தார்கள். ஒருத்தி மட்டும் குனிந்த தலை நிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே தலைமை ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நாற்பதில் அந்த ஒரு சிலேட்டில்தான் கணக்கு சரியாக இருக்கிறது என்றார். ஆனால் எழுதிக் காட்டியதை இன்ஸ்பெக்டர் தெரிவித்ததாக ஏற்கமாட்டார், மேலிடத்து உத்தரவு இல்லாமல் வைத்திருந்தால் அவர் வரும்போது பெயரை அடிக்க வேண்டிவரும் என்றார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நடுவிலவள் கதவோரம் சிலேட்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

என் உத்தியோகத்தில் நான் கற்றது அன்றுதான் வீட்டுக்கு உதவியது.

“ஹர்ஜி கொடுத்திருக்கு சார்,” என்றேன்.

“தள்ளிட்டாங்களா?”

“இல்ல. நிலுவையில இருக்கு.”

நிலுவையில் இருக்கும் விஷயத்தில் மறுபடி வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. அது அவருக்கும் தெரியும். “அப்போ மறுபடி வரட்டும்,” என்று எழுந்தார். வாசலில் நின்று, “சீக்கிரம் வந்துராதே?” என்று கேட்டார்.

முப்பது நாளுக்கு ஒரு தடவை நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது முறை. எழுதி உறையிலிட்டு வைத்திருந்த அடுத்த நினைவூட்டலைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதன் பிறகு தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினால், அவர் எங்கள் வாசலைத் தாண்டும்வரை நான் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். கச்சேரியில் என் மேஜையில் தேங்கிய காகிதங்களைப் பற்றி அதிகாரி குறை சொன்னபோது, அவற்றில் எது எந்த வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறதோ என்று முதல் தடவையாக நினைத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் நிலுவை என்ற சொல்லைப் படித்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பள்ளியிலிருந்த நாலு வகுப்பையும் அவள் முடித்தாள். அதற்கடுத்த கோடையில் மறுபடியும் கன்னியாகுமரிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். தபால்காரர் நீண்ட உறை ஒன்றைக் கொடுத்தார். வாங்கியவள் நடுவிலவள்தான். உறையின் மூலையில் இருந்த முத்திரையைப் பார்த்தாள், உள்ளங்கையில் ஒரு குத்து குத்தி, என்னிடம் நீட்டினாள்.

மேற்படி பிள்ளையை முதல் வகுப்பில் ஒரு வருட காலத்துக்குப் பரீட்சார்த்தமாகச் சேர்த்துப் பார்க்க ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தது. மனைவி வாங்கி இரண்டு தடவை படித்தாள். நாலு வருடம் முன்பு போட்ட அதே “ஓ”வைப் போட்டாள். நான் பேனாவை எடுத்து, முறைப்படி, கிடைத்த நாளை அதன் மூலையில் குறித்தேன்: மேட மாதம் இருபத்தொன்று. சொன்னபடி சித்திரைக்குள்தான்.